பெயர் போடாத பெட்டிசம்

மகன் அருளுக்கு,

சுகமாக இருக்கிறாயா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து போனைக் காதில் வைத்தபோது நீ கத்தின கத்திலேயே உன் சுகத்துக்கு ஒரு குறைவும் இல்லை என்று தெரிந்துகொண்டேன். நீ போனை வைத்த பிறகு நாலு நாள் யோசித்தேன். போனில் சொன்னால் பாதியில் வெட்டிவிடுவாய், அது உன் பழக்கம். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. கிழித்தாலும் துண்டுகளைப் பொருத்திப் படிக்கத்தான் மனம் வரும். நான் ஐந்தாம் வகுப்போடு கன்னியாஸ்திரிமாரின் பள்ளிக்கூடத்தை விட்டவள். என் எழுத்து நண்டு நடந்த மாதிரி இருக்கிறது என்று எட்டு வயதில் நீ சிரித்தாய். அதை நான் மறக்கவில்லை. அந்த நண்டு நடையிலேயே எழுதுகிறேன், பொறுத்துப் படி.

உன் மகனைப் பற்றி நீ சொன்னதை முதலில் எழுதி வைக்கிறேன், பிறகு சொல்லவில்லை என்று மறுக்காமல் இருப்பதற்காக. "அம்மா, ஜெறோம் அடுத்த மாசம் ஒரு பெடியனைக் கலியாணம் கட்டப்போறானாம். அந்தக் கூத்துக்கு நான் போகமாட்டன். எங்கட பரம்பரையிலேயே இப்பிடி ஒண்டு இருந்ததில்லை" என்றாய். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, குரலைக் குறைத்து, "நீங்கள் அங்க மன்னாரில அவனுக்கு அமைதியான ஒரு பொம்பிளைப் பிள்ளையாப் பாருங்கோ. கட்டினா எல்லாம் சரியாயிடும்" என்றாய். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். அமைதியான பிள்ளை ஒன்றை எனக்குத் தெரியும். அவளைத் தேடிப் போகத் தேவையில்லை. அவளுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது, இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறாள். பரம்பரையில் இருந்ததில்லை என்றாயே, இருந்தது. உன்னைத் தோளில் தூக்கி வைத்து ரெயில் காட்டினாரே, அந்த மனிதர்தான். உன் அப்பா ஆணை விரும்பினவர். ஜெறோம் அதற்குத் தமிழில் ஒரு சொல் தேடிக் கண்டுபிடித்துப் போனில் எனக்குச் சொன்னான். எங்கள் காலத்தில் மரியாதையான சொல் ஒன்றும் இருக்கவில்லை. இருந்ததெல்லாம் மீன் சந்தையில் ஆம்பிளைகள் துப்புகிற சொற்கள்.

கடிதத்தை மடித்து வைக்காதே. தண்ணீர் குடித்துவிட்டு வந்து மிச்சத்தைப் படி.

அப்பா தண்டவாளம் மாற்றிவிடுகிற பொயின்ஸ்மனாக வேலை செய்தது முருங்கனுக்கும் மன்னாருக்கும் நடுவில் இருந்த ஒரு சின்ன ஸ்ரேசனில். பெயரை எழுதவில்லை, அங்கே வேலை செய்தவர்களின் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களும் உன்னைப் போலவே கத்தக்கூடியவர்கள். தலைமன்னார்ப் பியர் என்கிற கப்பல்துறைக்குப் போகிற பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே இரண்டு ரெயில் வந்துவிடக் கூடாது என்பதற்காக ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரு பித்தளை வில்லையைத் தோல் பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையம் ஒன்றில் கட்டி, ட்றைவரின் கையில் கொடுக்க வேண்டும். அது கையில் இல்லாமல் எந்த ட்றைவரும் அடுத்த ஸ்ரேசனை நோக்கி இஞ்சினை விடமாட்டான். நிற்காத ரெயில் என்றால் அப்பா பிளாற்போம் ஓரத்தில் நின்று வளையத்தை உயர்த்திப் பிடிப்பார். ட்றைவர் ஓடுகிற இஞ்சினிலிருந்து கையை நீட்டி, வளையத்துக்குள் விட்டு, பறித்துக்கொண்டு போவான். அப்பாவின் வலது முழங்கையில் நீளமாக ஒரு தழும்பு இருந்தது உனக்கு நினைவிருக்கும். அது அப்படிப் பறித்த ஒருவன் தந்தது.

என்னை அவருக்குக் கட்டி வைத்தது உன் மாமி திரேசம்மா, அப்பாவின் அக்கா. பேசாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து, பெரிய மனுசி மாதிரிக் கதிரையில் சாய்ந்து இருந்துகொண்டு, "ரெயில்வே மாப்பிள்ளை. குடி இல்லை, சிகரெட் இல்லை, பொம்பிளைப் பழக்கம் மருந்துக்கும் இல்லை" என்றாள். என் அம்மா, "முப்பது வயசு மட்டும் ஏன் கட்டேல்லை?" என்று கேட்டா. "நல்ல பெட்டையா வரட்டும் எண்டு நிண்டவன்" என்றாள் மாமி. எனக்குப் பத்தொன்பது வயது. நான் நல்ல பெட்டையாம் என்று சந்தோசப்பட்டேன். கலியாணத்தன்று காலையில் கோயிலுக்குப் பக்கத்து அறையில் எனக்கு முக்காடு குத்திக்கொண்டிருந்தார்கள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாமியின் குரல் கேட்டது. "கட்டினா எல்லாம் சரியாயிடும், தம்பி. கேள்வி கேக்காத பெட்டையாப் பாத்துத்தான் எடுத்திருக்கிறன்." உன் அப்பாவுக்கு ஏதோ வருத்தம் இருக்கிறதாக்கும், நெஞ்சுச் சளியோ என்னவோ என்று நினைத்துக்கொண்டு கோயிலுக்குள் போனேன். போன ஞாயிற்றுக்கிழமை அதே வசனத்தை உன் வாயால் கேட்டேன். அவள் பேசினது ஐம்பத்தொன்பது வருசத்துக்கு முன்னால், ஒரு சொல் மாறவில்லை. மாமி செத்தபோது சேமக்காலை வரைக்கும் நடந்து போய் ஒரு பிடி மண்ணும் போட்டேன். மண் போட்டேன், மன்னிக்கவில்லை.

அப்பாவில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. அடித்ததில்லை. சாப்பாட்டில் உப்புக் கூடினால், "இஞ்சேரும், இண்டைக்குக் கடல் கொஞ்சம் உள்ள வந்திட்டுது" என்பார், அதற்கு மேல் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் அரிசிக் கஞ்சி வைத்து, ஊதி, கையில் தருவார். ஆனால் அந்தக் கையை நான் பிடித்தால் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, இரவல் வாங்கிய சாமானைத் திருப்பித் தருகிற மாதிரி மெதுவாக எடுத்துக்கொள்வார். நீ பிறந்த பிறகு எங்களுக்குள் ஒன்றும் இருக்கவில்லை. தாய் மகனுக்கு எழுதுகிற விசயம் இல்லை இது. எழுதாவிட்டால் நீ கேட்கிற அமைதியான பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாமல் போய்விடும். இருபத்திரண்டு வயதில் நான் கண்ணாடியில் என்னைப் பார்த்து, எங்கே பிழை என்று தேடிக்கொண்டிருந்தேன். மூக்கிலா, நிறத்திலா, பல்லிலா என்று.

பிறகு பியதாச வந்தான். மாகோப் பக்கத்துச் சிங்கள ட்றைவர், அப்பாவின் வயது, கட்டையான ஆள், இஞ்சின் கரியில் கழுத்து எப்போதும் கறுத்திருக்கும். கிழமைக்கு இரண்டு தரம் எங்கள் பாதையில் வருவான். ஒவ்வொரு ட்றைவருக்கும் கூ அடிக்கிற விதம் ஒன்று உண்டு. அவன் ஒரு நீளம், ஒரு கட்டை, திரும்ப ஒரு நீளம் அடிப்பான். குசினியில் நின்றே எனக்குத் தெரியும். கூவைக் கேட்க முன்பே தெரியும், ஏனென்றால் அவன் வருகிற நாட்களில் அப்பா விடிய எழும்பி முகத்தைச் சேவ் எடுப்பார். மற்ற நாட்களில் தாடி முள்ளோடு வேலைக்குப் போகிற மனிதர். ஒருநாள் நீ அழுதாய் என்று உன்னைத் தூக்கிக்கொண்டு பிளாற்போமுக்குப் போய் நின்றபோது பார்த்தேன். மற்ற ட்றைவர்மார் வளையத்தைப் பறித்துக்கொண்டு போவார்கள். பியதாச இஞ்சினை நடைவேகத்துக்குக் கொண்டுவந்து, குனிந்து, கையிலிருந்து கைக்கு வாங்கினான். வாங்கினதற்குப் பிறகும் இரண்டு மூன்று அடி அப்பா வளையத்தை விடாமல் கூடவே நடந்தார்.

அவன் நல்லவன். இதை எழுத எனக்கு இன்றைக்கும் கை வலிக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். சரக்கு ரெயிலோடு வந்து எங்கள் ஸ்ரேசனில் மணிக்கணக்காக நிற்கிற நாட்களில் நாங்கள் இருந்த ரெயில்வே குவாட்டர்சுக்குச் சாப்பிட வருவான். வெறுங்கையோடு வந்ததில்லை, பலாப்பழம், ஈரப்பலா, உனக்குத் தகர விசில். என்னை நங்கி என்பான், தங்கச்சி என்று அர்த்தம். "நங்கி, இந்த உறைப்பைப் போட்டா இஞ்சினுக்குக் கரி வேண்டாம், தன்பாட்டில பியர் வரைக்கும் ஓடும்" என்று கண்ணில் தண்ணீர் வழியச் சிரிப்பான். அப்பா, "உறைப்பெண்டா விட்டிட்டு எழும்படா" என்பார். "உன்ர பங்கையும் தா, பிறகு எழும்புறேன்" என்பான். அந்த வீட்டில் அப்பா வாய்விட்டுச் சிரித்தது அவன் வந்த நாட்களில் மட்டும்தான். நானும் சிரித்தேன். எனக்கு ஒரு அண்ணன் கிடைத்ததாக நினைத்தேன்.

உனக்கு நாலு வயதாக இருந்தபோது ஒரு மத்தியானம் கேரியரில் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஸ்ரேசனுக்குப் போனேன். விளக்குத் துடைக்கிற அறைக் கதவு திறந்திருந்தது. பியதாசவின் கண்ணில் கரித்தூள் விழுந்திருந்தது. அவன் பெட்டி ஒன்றின் மேல் இருந்தான். அப்பா முன்னால் குனிந்து நின்று, உடுத்திருந்த சாரத்தின் நுனியை நாக்கில் நனைத்து, தூளை எடுத்துக்கொண்டிருந்தார். தூள் வந்துவிட்டது. அப்பாவின் கை அவன் கன்னத்தை விட்டு வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகம் அவருக்கு இருக்கிறது என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. கேரியரை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்குக் கண்ணாடியைப் பார்த்தபோது என் மூக்கிலும் பல்லிலும் ஒரு பிழையும் இல்லை என்று தெரிந்தது. அது ஆறுதலாக இருக்கவில்லை. என் முகத்தில் பிழை என்றால் பவுடரைக் கிவுடரைப் பூசியாவது ஏதாவது செய்திருக்கலாம்.

இரண்டு வருசம் பொறுத்தேன். இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு மொட்டைப் பெட்டிசம் எழுதினேன், ரெயில்வேயின் பெரிய துரைக்கு ஒரு முறையீடு. உள்ளதை எழுத எனக்குச் சொல்லும் இல்லை, துணிவும் இல்லை. எழுதினால் அப்பாவின் வேலையும் போகும், ஊரில் நாங்கள் நடக்கவும் முடியாது. அந்த நாட்களில் இந்தியாவிலிருந்து கள்ளமாகச் சேலை வருவது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதனால், ட்றைவர் பியதாச இஞ்சினில் கள்ளச் சேலை ஏற்றிக்கொண்டு போகிறான் என்று எழுதினேன். எந்த நாள், எந்த ரெயில் என்றும் எழுதினேன். பெயர் போடவில்லை. முருங்கனுக்குப் போய்த் தபாலில் போட்டுவிட்டு வந்து சோறு சமைத்தேன். அவனை வேறு பாதைக்கு மாற்றினால் போதும், என் வீட்டுக்கு என் புருசன் திரும்பி வந்துவிடுவார் என்பது என் கணக்கு. அவர் ஒருநாளும் வந்ததே இல்லை, திரும்பி வருவதற்கு. அது எனக்கு விளங்கவில்லை.

இஞ்சினைச் சோதித்துப் பார்த்தார்கள். நான் கட்டிக் கொடுத்த கருவாட்டுப் பொட்டலம் ஒன்றுதான் இருந்ததாம். பிறகு விசாரணை என்று அப்பாவையும் அனுராதபுரத்துக்குக் கூப்பிட்டார்கள். போய் இரண்டாம் நாள் வந்தார். காலைக் கழுவினார், சாப்பிட்டார், படுத்தார். பியதாசவின் கூ அதற்குப் பிறகு எங்கள் பாதையில் கேட்கவில்லை. மலைநாட்டுப் பக்கம் போய்விட்டான் என்று ஸ்ரேசன் மாஸ்ரரின் பெண்சாதி சொன்னா. அடுத்த மாதம் அப்பாவைப் பொயின்ஸ்மன் வேலையிலிருந்து இறக்கி, வீதிக் கடவையில் கேற் பூட்டித் திறக்கிற வேலைக்கு அனுப்பினார்கள். குவாட்டர்சை விட்டு அந்தத் தகரக் கொட்டிலுக்குப் போனோம். கூட்டாளிக்காகப் பரிந்து பேசியிருப்பார், அதுதான் தண்டித்துவிட்டார்கள் என்று நினைத்து நான் ரெயில்வேயைத் திட்டினேன். அப்பா, "விடும். கேற் வேலையும் வேலைதான்" என்றார். நான் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் பெட்டிசத்தைச் சொன்னேன். பத்துச் செபமாலை சொல்லச் சொன்னார், சொன்னேன். கடவுளுக்குத் தெரியும், சுவாமியாருக்குத் தெரியும், புருசனுக்கு மட்டும் தெரியாது என்று நிம்மதியாக இருந்தேன்.

பதினாறு வயதில் நீ அப்பாவைப் பார்த்துச் சொன்னது உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. கூடப் படிக்கிறவர்கள் கேலி பண்ணுகிறார்கள் என்று வந்து, "மற்றவையின்ர அப்பாமார் கந்தோரில மேசை போட்டு இருக்கினம். நீங்கள் மாட்டுக்கும் கழுதைக்கும் கேற் திறந்து விடுறீங்கள்" என்றாய். அப்பா கேற்றுக் கொடியைச் சுருட்டிக்கொண்டே, "கழுதையள் ஒருநாளும் என்னை ஏசினதில்லை, தம்பி" என்றார். அந்தக் கேற்றுக்கு அவர் ஏன் வந்தார் என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் மன்னார் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கடைசிக் காலையில் நீயும் நின்றாய். "தம்பி, ஒரு பிளேட் வாங்கிக்கொண்டு வா" என்று உன்னைக் கடைக்கு அனுப்பினார். நெஞ்சு நோவோடு கிடக்கிற மனிதருக்கு எதற்குச் சேவ் என்று நர்ஸ் பிள்ளை கேட்டது. நான் கேட்கவில்லை. தண்ணீரும் சவர்க்காரமும் எடுத்து, என் கையால் சேவ் எடுத்துவிட்டேன். தாடையைத் தூக்கிக் காட்டினார், கண்ணை மூடிக்கொண்டார். மத்தியானம் போய்விட்டார். அதற்கு இரண்டு வருசத்துக்குப் பிறகு ரெயிலும் நின்றது, சண்டையில் தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் பங்கர் கட்டப் போயின. நீ கனடாவுக்குப் போனாய். நான் என் பத்துச் செபமாலையோடு இருந்தேன்.

எட்டு வருசத்துக்கு முன்னால், பாதை திரும்பப் போட்டு ரெயில் ஓடத் தொடங்கின கையோடு, ஒரு கிழவர் ஓட்டோவில் வந்து வாசலில் இறங்கினார். பழைய ரெயில்வேக்காரர் ஒருவர் வந்து போனார் என்று உனக்குப் போனில் சொன்னேன், நீ "ஆ" என்றுவிட்டுச் நான் அனுப்பின கறித்தூள் கிடைத்ததைப் பற்றிப் பேசினாய். கையில் மாம்பழப் பை. கழுத்தில் கரி இல்லை, அதனால் எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை.

"நங்கி" என்றான். பிறகுதான் தெரிந்தது.

"சூசை இல்லையா?" என்று அப்பாவைத் தேடி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அவர் போய் இருபத்தேழு வருசம்."

கதிரையில் இருந்தான். பையைக் கீழே வைக்க மறந்து மடியில் வைத்துக்கொண்டிருந்தான். தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தேன், குடிக்கவில்லை. "எனக்கு ஒரு கேள்விதான் இருந்துச்சு" என்றான். "அதைக் கேக்கத்தான் முதல் கிடைச்ச ரெயில்ல வந்தேன். இனி யாருட்டக் கேக்கிறது?"

"என்னட்டக் கேளுங்கோ."

"அவன் ஏன் என்னைப் பத்தி அந்தப் பெட்டிசம் எழுதினான்?"

நான் நின்றபடியே நின்றேன். "ஆர் எழுதினது எண்டு சொன்னீங்கள்?"

"சூசை. அவன் வாயால சொன்னானே, துரைக்கு முன்னால. நான் பக்கத்தில நிண்டேன்."

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். விசாரணை அறையில் துரை பெட்டிசத்தை மேசையில் போட்டாராம். பின்பக்கம் பார்த்தால் அச்சடித்த ஸ்ரேசன் ஃபோம். பழைய ஃபோம்களை அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார். நீ அ, ஆ எழுதிப் பழகினதும் அதில்தான், நான் சாமான் லிஸ்ட் எழுதினதும் அதில்தான். எங்கள் வீட்டில் தாள் என்றால் அதுதான் தாள். மற்ற வீடுகளில் அது இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நம்பரைப் பார்த்து எந்த ஸ்ரேசன் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். "உங்கட ஸ்ரேசன் தாள். பொய்ப் பெட்டிசம். எழுதினது யார் என்று சொல்லாவிட்டால் பொலிசிடம் கொடுப்பேன், எழுத்தைப் பார்த்து அவர்கள் பிடிப்பார்கள்" என்றாராம் துரை. அப்பா தாளைத் திருப்பி எழுத்தைப் பார்த்தார். நண்டு நடந்த எழுத்து. பியதாசவைப் பார்த்தார். பிறகு, "நான்தான் எழுதினனான், சேர்" என்றார்.

"என்னை யாரும் மாத்தேல்ல, நங்கி" என்றான் பியதாச. "நானே கேட்டு மாறிப் போனேன். அந்தக் கையால வளையம் வாங்க ஏலாதே. நாப்பது வருசத்துக்கு மேல யோசிச்சேன், நான் அவனுக்கு என்ன பிழை செஞ்சேன் எண்டு."

கலியாணம் கட்டினீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான்.

சொல்லாமல் விட்டிருக்கலாம், அருள். அவனும் கிழவன், நானும் கிழவி, செத்தவர் செத்துவிட்டார். ஆனால் அப்பா அந்த அறையில் பொய் சொன்னது என்னைக் காப்பாற்ற. அந்தப் பொய்யால் அவர் இழந்தது இந்த ஆளை. அதற்குப் பிறகு பதினைந்து வருசம் எல்லாம் தெரிந்துகொண்டே என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டார். உப்புக் கூடினால் கடல் உள்ளே வந்துவிட்டது என்றார். ஒரு நாளாவது, ஒரு சொல்லாவது கேட்டிருந்தால் நானும் திருப்பிக் கேட்டிருப்பேன், என்னை ஏன் கட்டினீர் என்று. கேட்கவில்லை. அதற்காக அவரில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

"அவர் எழுதேல்லை" என்றேன். "நான் எழுதினனான்."

"நீயா?"

"ஓம். நான்தான்."

"ஏன் நங்கி?"

"நீங்கள் வாற நாளில மட்டும்தான் அவர் சேவ் எடுப்பார்" என்றேன். வேறு காரணம் ஒன்றும் எனக்கு வாயில் வரவில்லை.

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கோபிப்பான் என்று நினைத்தேன். கோபிக்க உரிமை இருந்தது. கை மெல்ல எழும்பித் தன் தாடையைத் தடவிக்கொண்டது. "நானும்தான்" என்றான். "விடிய மூணு மணிக்கு எழும்பி நானும் எடுப்பேன்." பிறகு மாம்பழப் பையை என் கையில் தந்துவிட்டு அழுதான். நான் அழவில்லை, பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சேமக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பாவின் கல்லுக்குப் பக்கத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருந்தான். சிங்களத்தில் நீண்ட நேரம் பேசினான். எனக்கு விளங்கினது ஒரு சொல்தான், சூசை. நான் மூன்று கல்லுத் தள்ளிப் போய் நின்றேன். நாற்பது வருசத்துக்கு முன்னால் அந்த அளவு தள்ளி நின்றிருந்தால் போதும். மூன்று மணி ரெயிலுக்கு ஏற்றிவிட்டேன். அடுத்த வருசம் அவன் மருமகன் ஒருவன் போன் எடுத்து, மாமா செத்துவிட்டார் என்று இங்கிலிசும் தமிழும் கலந்து சொன்னான்.

நான் உனக்குப் புத்தி சொல்ல வரவில்லை. நீ கேட்கிற ஆளும் இல்லை. நடந்ததைச் சொன்னேன். ஒருவரைக் கட்டி வைத்துச் சரியாக்கப் பார்த்ததில் மூன்று பேர் சரியில்லாமல் போனோம், அதில் நானும் ஒருத்தி. நான் இருந்த அந்த மூன்றாம் இடத்தில் இருக்க மன்னாரில் இன்னொரு பிள்ளையைத் தேடச் சொல்லி என்னிடமே கேட்டாய். தேடமாட்டேன். ஜெறோம் கட்டப்போகிற பெடியன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியாது. உறைப்புச் சாப்பிடுவானா என்று ஜெறோமிடம் கேட்டேன், அழுதுகொண்டே சாப்பிடுவான் என்றான். அது போதும் எனக்கு.

இதை மூடி ஒளித்து அனுப்பவில்லை. ஜெறோமுக்கும் ஒன்று எழுதியாகிவிட்டது. பங்குச் சுவாமியாரிடம் ஒன்று கொடுத்திருக்கிறேன், கோயில் மலரில் அச்சுப் போடுவாரோ அலுமாரியில் பூட்டுவாரோ அது அவர் பாடு. யாரும் படிக்கலாம். அந்தப் பெட்டிசத்துக்குத்தான் பெயர் போடப் பயந்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதை உன் கடிதத்தில் மட்டும் எழுதுகிறேன். நேற்று ஜெறோம் போன் எடுத்தான். "அப்பம்மா, அப்பா வரமாட்டாராம்" என்றான். குரல் உடைந்துபோய் இருந்தது. "ஆர் சொன்னது? வருவார். என்னட்டச் சொன்னவர்" என்றேன். "உண்மையாவோ?" என்றான். "அப்பம்மா பொய் சொல்லுவனோ?" என்றேன். சொல்லுவேன் என்று உனக்கு இப்போது தெரியும். நான் எழுதின பொய்யை உன் அப்பா தன் தலையில் ஏற்றிக்கொண்டு, அதற்காகத் தன்னிடம் இருந்த ஒரே ஆளையும் விட்டுக்கொடுத்தார். நேற்றுச் சொன்ன பொய்யை உன் தலையில் வைக்கிறேன். உனக்கு அது அவ்வளவு பாரம் இல்லை. ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு போய் முன்வரிசையில் இருந்தால் அது பொய்யில்லாமல் போய்விடும்.

விடிய எழும்பிச் சேவ் எடுத்துக்கொண்டு போ.

உன் அம்மா
வெரோனிக்கா